சுவருக்கு அந்தப் பக்கம் – 11: இரண்டாவது பூட்டு

எடைப் பலகையில் ஏறுவதற்கு முன் மும்புவா காலணியைக் கழற்றினாள். அடுத்து ஸ்வெட்டரை. அடுத்து, கொஞ்சம் யோசித்து, தலையிலிருந்த மணிப் பட்டையையும் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள்.

“அதுல என்னம்மா எடை இருக்கப் போகுது?” என்றாள் செவிலி செபெட்.

“கொஞ்சமாவது இருக்கும்ல.”

முவோகி பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. மூன்று வருடமாக அப்படித்தான். எந்த இடத்தில் எது வரவேண்டும் என்று தெரியும். வராது.

முள் ஐம்பத்து மூன்று கிலோவில் நின்றது. மும்புவாவுக்கு வயது பத்து.

போன சனிக்கிழமை பள்ளி விளையாட்டு விழாவில், இருநூறு மீட்டர் ஓட்டத்தின் பாதியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் ஓடி முடித்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் யாரோ ‘கிபோங்கே’ என்று கத்தினார்கள். நைரோபியில் எந்தக் குண்டுப் பிள்ளைக்கும் கேட்காமலே கிடைக்கிற பெயர் அது. திங்கட்கிழமை பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மருத்துவச் சான்று இல்லாமல் இனி அவளை விளையாட்டு வகுப்பில் சேர்க்க முடியாதாம். ஓட முடியாத பிள்ளையை ஓட வேண்டாம் என்று உட்காரவைப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

செபெட் ரத்த அழுத்தம் பார்த்தாள். கையில் கட்டிய சிறிய பட்டையை அவிழ்த்து, பெரியவர்களுக்கான பட்டையைக் கட்டி மறுபடியும் பார்த்தாள். எழுதிக்கொண்டாள்.

“ஸ்கூலுக்கு எப்படிப் போறா?”

“வேன்ல.”

“எவ்வளவு தூரம்?”

முவோகி தடுமாறினான். தூரம் சொல்வது அவன் தொழில். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன்.

“எந்த வழியா?” என்று கேட்டான்.

“எத்தனை வழி இருக்கு?”

“ஒண்ணுதான். முன்னாடி ரெண்டு இருந்துச்சு.”

செபெட் பேனாவைக் கீழே வைத்தாள். அந்த இரண்டாவது வழியைப் பற்றி அவன் சொல்லுவான் என்று காத்திருந்தாள். பிறகு எங்கே விளையாடுவாள் என்று கேட்டாள். வீட்டில் என்றான். வீட்டில் என்ன விளையாட்டு என்று மும்புவாவிடம் கேட்டாள். டிவியில் கால்பந்து பார்ப்பேன், எல்லா அணியும் தெரியும் என்றாள் மும்புவா, கொஞ்சம் பெருமையாகவே.

“சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னா குறைச்சிடுவீங்க. ரெண்டு வாரம் கழிச்சு விட்டுடுவீங்க. எல்லா வீட்லயும் அதுதான் நடக்குது” என்றாள் செபெட். “வாய்க்குள்ள என்ன போகுதுன்னு மட்டும் பாக்காதீங்க. பிள்ளையோட கால் எங்க போகுதுன்னு பாருங்க. இந்த ரத்த அழுத்தம் உங்க வயசு ஆளுக்கு இருந்தாலே நான் திட்டுவேன். மூணு மாசத்துல இறங்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரணும்.”

மூன்று மாதம். முவோகி தலையாட்டினான்.

அந்த இரண்டாவது வழி அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஜகராண்டா குடியிருப்பின் பின்புறம், ஒரு ஒற்றையடிப் பாதை, பிறகு மைதானம், அதைக் கடந்தால் பள்ளி. வீடு பிடித்த அன்றே அளந்திருந்தான்: அறுநூற்றிருபது மீட்டர். மனைவி கனினியின் நடைக்கு எட்டு நிமிடம். அவளும் ஆறு வருடம் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தாள். மும்புவாவைக் கையில் பிடித்துக்கொண்டால் பன்னிரண்டு நிமிடம். நடுவில் வெட்டுக்கிளி பிடிப்பதற்கு நாலு நிமிடம் தனி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாலை, அந்தப் பாதையில் கனினியின் பையை மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் இழுத்தார்கள். அவள் பையை விடவில்லை. விழுந்த இடத்தில் கல் இருந்தது. இரண்டு நாள் கண் திறக்காமல் இருந்து போய்விட்டாள். அவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது.

குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடு. அத்தனை பேரும் சேர்ந்து நாற்பது நாளுக்குள் பின்புறம் சுவர் எழுப்பினார்கள். சுவரில் ஒரு இரும்புக் கதவு. கதவின் மேல் வெள்ளைப் பெயின்டில் ‘கனினி வாசல்’ என்று எழுதினார்கள். எழுதிவிட்டு இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒரு சாவி குடியிருப்புத் தலைவிக்கு. இன்னொன்றைக் கொண்டுவந்து முவோகியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்கள். உன் சம்மதம் இல்லாமல் இந்தக் கதவு திறக்காது என்றார்கள். அன்றைக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

கதவு பிறகு திறக்கவேயில்லை.

நாற்பத்திரண்டு வீட்டாரும் முன்வாசல் ஒன்றின் வழியாகவே போய்வர வேண்டியதாயிற்று. எல்லாரும் ஒரே இடத்தில் வந்து இறங்கினால் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? முதலில் கிடோங்காவின் உருளைக்கிழங்கு வறுவல் வந்தது, கண்ணாடிப் பெட்டியும் மஞ்சள் விளக்குமாக. பிறகு சாஸேஜ் வண்டி. பிறகு மண்டாஸி அப்பம் சுடும் பெண். பிறகு சோடா. மூன்று வருடத்தில் ஏழு கடை. பள்ளி வேன் பிள்ளைகளைச் சரியாக அந்த ஏழு கடைக்கு முன்னால்தான் இறக்கிவிடும்.

மும்புவா சாயங்காலம் நாலரைக்கு இறங்குவாள். முவோகி வீடு வர ஏழரை ஆகும். கிடோங்காவிடம் சொல்லிவைத்திருந்தான். ஒரு தட்டு வறுவல், ஒரு சோடா, வாங்கிக்கொண்டு நேராக மேலே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டும். அப்பா வரும்வரை திறக்கக் கூடாது. அது பத்திரம் என்று நினைத்தான். மற்ற எதையும் நினைக்கவில்லை.

இப்போது குடியிருப்புத் தலைவி, ஃபெலிக்ஸ் அம்மா, சாவி கேட்கிறாள். அவள் பையன் ஃபெலிக்ஸும் அதே ஓட்டத்தில் கடைசிக்கு முந்தினவனாக வந்தவன். இன்று மாலை நாலு மணிக்குக் கூட்டம். அதற்குள் முவோகி சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்ல வேண்டும்.

மருந்து வாங்கும் வரிசையில் மும்புவா நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய பள்ளி வேலை: ‘என் வீட்டிலிருந்து என் பள்ளி வரை, வரைபடம் வரைக.’

“வடக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டான் முவோகி, பழக்கத்தில்.

“கிடோங்கா கடைப் பக்கம்.”

எட்டிப் பார்த்தான். நன்றாகவே வரைந்திருந்தாள். வீடு, முன்வாசல், ஏழு கடையும் ஒவ்வொன்றாக. சாஸேஜ் வண்டிக்கு சக்கரம்கூட இருந்தது. பிறகு பெரிய சாலை, பெட்ரோல் பங்க், இன்னொரு கடை வரிசை, பள்ளி. மூன்று கிலோமீட்டரைத் தின்பண்டங்களால் அளந்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் தடிமனாக ஒரு கோடு. அதன் மேல் ‘அம்மா சுவர்’ என்று எழுதியிருந்தாள்.

அதற்கு அப்பால் வெறும் தாள்.

“இங்க என்ன இருக்கு?”

“தெரியாதுப்பா. நான் பாத்ததில்லையே.”

“பாத்திருக்க. அம்மாகூட தினம் போவ. வெட்டுக்கிளி பிடிப்ப.”

மும்புவா கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாள். அவனுக்காக ஞாபகப்படுத்திக்கொள்ள முயன்றாள் என்று தெரிந்தது.

“மறந்துபோச்சு” என்றாள். ஏதோ தப்புச் செய்த மாதிரி.

திரும்பும்போது மடாட்டு மினிபஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் வழக்கமான விளையாட்டை ஆரம்பித்தாள். முவோகியின் அலுவலகம் நடுகிற எல்லைக்கற்களுக்கு உச்சியில் மஞ்சள் வட்டம் இருக்கும். வேறு எந்த அலுவலகமும் மஞ்சள் பூசாது. அவை அவளுக்கு ‘அப்பா கல்’. வழியில் பார்த்தால் சொல்ல வேண்டும்.

“அப்பா கல்லு ஒண்ணு” என்றாள். கொஞ்சம் தள்ளி, “ரெண்டு.”

அவள் எண்ணிய கற்கள் எதையும் அவன் நேரில் பார்த்ததில்லை. கனினி போனபிறகு வெளிவேலை வேண்டாம் என்று கேட்டு மேசைக்கு வந்துவிட்டான். ஆட்கள் அளந்துகொண்டு வருகிற எண்களைக் கோடாக்குவது வேலை. நாளுக்குப் பத்துத் தாள், பன்னிரண்டு தாள். எதை வரைந்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால்தான் அந்த வேலை பிடித்திருந்தது.

மூன்றாவது மாடிப் படியில் வயூவா உட்கார்ந்திருந்தாள். கனினியின் அக்கா. வோட்டேயிலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு மூட்டை மாம்பழம், அவள் தோட்டத்தது. கூட்டம் பற்றி வியாழக்கிழமை போனில் சொன்னபோது, “நான் வரேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டவள்.

மும்புவா கீழேயிருந்து ஏறி வந்தாள். முதல் மாடியில் நின்றாள். ஏறினாள். இரண்டாம் மாடியில் நின்றாள். அவள் முகம் தெரிவதற்கு முன்னாலேயே மூச்சு வயூவாவுக்குக் கேட்டது. வயூவா எழுந்து நின்றாள்.

“பெரியம்மா” என்று மும்புவா கையை விரித்துக்கொண்டு வந்தாள். இதுவும் வழக்கம்தான்.

இதன் கதை அடக்கத்தன்று ஆரம்பித்தது. வோட்டேயில் மண் போட்டு முடிந்ததும், ஊர் பார்க்க, வயூவா ஆறேழு வயதுப் பிள்ளையை ஒரே கையால் தூக்கினாள். பஞ்சு மாதிரி இருக்கிறாள் என்றாள். ஆம்பளை தனியாகப் பெண்பிள்ளையை வளர்த்துக் கிழிப்பதை நானும் பார்க்கிறேன். ஒவ்வொரு லீவுக்கும் கூட்டிவா, தூக்கிப் பார்ப்பேன். கனம் ஏறவில்லை என்றால் பிள்ளை இங்கேதான் இருக்கும் என்றாள். ஒல்லியாகப் போனால் ஊர் வேறு மாதிரிப் பேசும், தாய்க்கு என்ன நோயோ என்பார்கள் என்றும் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை.

ஒவ்வொரு டிசம்பரும், ஒவ்வொரு ஈஸ்டரும் தூக்கினாள். ஒவ்வொரு முறையும் முனகிக்கொண்டே தூக்கி, இறக்கிவிட்டுக் குலவையிட்டாள். முவோகி பரீட்சையில் தேறினவன் போல பஸ் ஏறுவான்.

இப்போதும் அவள் கை மும்புவாவின் அக்குளுக்குள் போனது. பிடித்தாள். பிள்ளையின் குதிகால் கொஞ்சம் எழுந்தது, அவ்வளவுதான். மும்புவா சிரித்துக்கொண்டு குலவைக்காகக் காத்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, மூச்சு இன்னும் அடங்கவில்லை.

வயூவா கையை எடுத்துக்கொண்டாள். குலவை வரவில்லை.

“உள்ள போய் ஃபேனுக்குக் கீழ உட்காரும்மா” என்றாள்.

சமையலறையில் வயூவா உமி நீக்கின சோளத்தையும் பயறையும் ஒன்றாய் வேகப்போட்டாள். அடுப்புக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிஸ்கட் பாக்கெட்டுகள், சோடா பாட்டில்கள். மூடினாள். செபெட் சொன்னது அத்தனையும் முவோகி சொன்னான். மூன்று மாதம் என்பதையும் சொன்னான்.

அவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நான் அன்னைக்குச் சொன்னதுக்காகவா இப்படி ஊட்டுன?”

“நீங்க கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு பயம், அக்கா.”

“ஏன்டா, சொன்னா செஞ்சுடுவேனா? எனக்கே அஞ்சு பிள்ளைங்க. துக்கத்துல வாயில வந்ததைச் சொன்னேன். அடுத்த நாளே நான் மறந்துட்டேன்.”

“ஒவ்வொரு லீவுக்கும் தூக்கினீங்களே.”

“அது ஆசைக்குத் தூக்கினதுடா.”

மூன்று வருடம். அவள் ஆசைக்குத் தூக்கியிருக்கிறாள். அவன் பயத்துக்கு ஊட்டியிருக்கிறான். நடுவில் பிள்ளை இரண்டு பேரையும் நம்பிச் சாப்பிட்டிருக்கிறது. யாராவது ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வயூவா தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, எதற்காக வந்தாளோ அதைச் சொன்னாள்.

“சோத்தைக் குறை. சோடாவ நிறுத்து. என்கூட ஒரு வருஷம் வேணும்னாலும் அனுப்பு, தோட்டத்துல ஓடட்டும். அந்தக் கதவை மட்டும் திறக்காத. என் தங்கச்சி பேரு எழுதியிருக்கு அதுல. அவ ரத்தம் விழுந்த மண்ணு மேல ஊரு நடக்கணுமா?”

அவனும் மூன்று வருடமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. ஒரு காலத்தில் அது பிள்ளைகள் விளையாடுகிற இடம். கார்கள் பெருகியதும் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். கார்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்று எழுதியிருந்தது. முவோகியின் கையெழுத்து. குடியிருப்பில் எழுத்து அழகாக வருவது அவனுக்குத்தான் என்று அவனைக் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தான். இன்று அதற்கு நேர் எதிரே அவனுக்கு நாற்காலி அமைந்துவிட்டது.

ஃபெலிக்ஸ் அம்மா சுருக்கமாகப் பேசினாள். காலை ஆறு முதல் ஏழு வரை, மாலை நாலு முதல் ஆறு வரை. ஆள் ஒருவர் முறை வைத்து நிற்பது. மற்ற நேரம் பூட்டு. குடியிருப்பில் பதினாறு பிள்ளைகள் இருக்கிறார்கள், பதினாறில் யாராவது ஒருவர் வேன் இல்லாமல் பள்ளிக்குப் போகிறார்களா சொல்லுங்கள் என்று கேட்டாள். மண்டாஸி மாவு மாதிரி பிள்ளைகள் ராத்திரிக்கு ராத்திரி உப்புகிறார்கள் என்றாள். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

பதினேழாம் வீட்டுக்காரர் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. கனினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவருடைய கார்.

“எல்லாம் சரி. நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுப் பொம்பளை அங்க விழுந்தா, யார் பதில் சொல்றது? குண்டா இருக்கிற பிள்ளையை இளைக்க வைக்கலாம். போன உசுரு வருமா?”

எல்லாரும் முவோகியைப் பார்த்தார்கள். அவர் கேட்டது அவனுக்காகத்தான். வயூவா கடைசி வரிசையில், தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முவோகி எழுந்தான். மூன்று வருடத்தில் இந்தக் கூட்டங்களில் அவன் வாய் திறந்ததில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், சட்டைப்பையிலிருந்த சாவியை எடுக்கப் போய் மணிப் பட்டையை எடுத்தான். அதையே கையில் வைத்துக்கொண்டான்.

“காலையில எம்பொண்ணு எடை பாக்கறதுக்காக இதைக் கழட்டிக் குடுத்தா” என்றான். “இது எவ்வளவு கனம் இருக்கும்? அவளுக்கு அதுகூடக் குறையணும்.”

பட்டையைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“அங்க என்ன இருக்குன்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டா. அவ அம்மா அங்க விழுந்தது ஒரு நாள். நடந்தது ஆறு வருஷம். அந்த ஒரு நாளுக்குப் பேர் எழுதிப் பூட்டிட்டோம். ஆறு வருஷம் எம்பொண்ணுக்கு மறந்துபோச்சு.”

சாவியை எடுத்து ஃபெலிக்ஸ் அம்மாவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. நீயே திற என்றாள்.

கூட்டமாகப் பின்புறம் போனார்கள். பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால். ஃபெலிக்ஸ் அம்மாவின் பூட்டு இரண்டு முறுக்கில் திறந்தது. அவள் மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டு வந்திருக்கிறாள் போலிருக்கிறது. முவோகியின் பூட்டு திறக்கவில்லை. துரு. சாவி உள்ளே போய் அப்படியே நின்றது. பலமாகத் திருப்பினால் உடைந்துவிடும்.

எண்ணெய் எண்ணெய் என்று யாரோ கத்த, ஒரு பையன் முன்வாசலுக்கு ஓடினான். திரும்பி வந்தது கிடோங்காவே. கையில் கரண்டி, கரண்டி நிறைய வறுத்த எண்ணெய், கறுப்பாக.

“என்னய்யா இது, பழைய எண்ணெய்?” என்றாள் ஃபெலிக்ஸ் அம்மா.

“பூட்டுதானே குடிக்கப் போகுது, வயிறு கெடாது” என்றான் கிடோங்கா. “இந்தக் கதவு திறந்தா பிள்ளைங்க என் கடைப்பக்கம் வராது. என் பொழப்புல நானே எண்ணெய் ஊத்துறேன், பாத்துக்கங்க.”

சொல்லிக்கொண்டே பார்த்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினான். உருளைக்கிழங்கு வாசனை வந்தது. தினமும் சாயங்காலம் மும்புவாவின் விரல்களில் இருக்கிற அதே வாசனை. முவோகி சாவியை மெதுவாக அசைத்தான். ஒரு தடவை. இரண்டு தடவை. பூட்டு வாயைத் திறந்தது.

கதவைத் தள்ள மூன்று பேர் வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் புல் இடுப்பளவு வளர்ந்து கதவை அணைத்துக்கொண்டிருந்தது.

மைதானம் அப்படியே இருந்தது. கொஞ்சம் காடாக, ஆனால் அப்படியே. தூரத்தில் பள்ளியின் நீல ஓட்டுக் கூரை. இவ்வளவு கிட்டவா இருந்தது என்று ஒரு பெண் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஃபெலிக்ஸ் முதலில் ஓடினான். பின்னாலேயே மற்றவர்கள். பாதை எங்கே இருந்தது என்று தெரியாததால் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

முவோகி கதவுக்குள்ளேயே நின்றான். அந்தக் கல் எங்கே என்று கண் தேடியது. புல் மூடியிருந்தது. பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. வயூவா. கதவில் எழுதியிருந்த பெயரின் மேல் ஒட்டியிருந்த சிலந்திவலையைத் துணியால் துடைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு புல்லுக்குள் இறங்கினாள்.

மும்புவா ஓடவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பத்தடிக்கு ஒருமுறை நின்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு வெட்டுக்கிளி தெறித்துப் போனது. அவள் நின்றாள். கையைக் குவித்துக்கொண்டு, முதுகை வளைத்து, மெதுவாக அதன் பின்னால் போனாள். அந்த வளைவு முவோகிக்குத் தெரியும். அவளுக்கு மறக்கவில்லை. கைகளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

வெட்டுக்கிளி தாவ, அவள் நாலு அடி ஓடினாள். நிஜமாகவே ஓடினாள். பிறகு ஏதோ காலில் இடித்து நின்று, குனிந்து புல்லை விலக்கினாள்.

“அப்பா,” என்று கத்தினாள், மூச்சு வாங்க, முகமெல்லாம் மலர்ந்து. “இங்க பாரு. அப்பா கல்லு.”

முவோகி நடந்து போனான். இல்லை, ஓடியிருக்க வேண்டும், ஏனென்றால் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

புத்தம்புதுக் கல். உச்சியில் மஞ்சள் வட்டம், இன்னும் மங்கவில்லை. ஃபெலிக்ஸ் தூரத்திலிருந்து இங்கேயும் ஒன்று என்றான். இன்னொரு பையன் இங்கேயும் என்றான். நாலு மூலைக்கு நாலு கல். மைதானம் முழுவதும் அதற்குள் அடங்கியிருந்தது.

கல்லின் பக்கவாட்டில் மனை எண் இருந்தது. அதைப் படித்ததும் தாள் கண்முன் வந்தது. போன ஆண்டு, ஏதோ ஒரு செவ்வாயோ புதனோ. நீள்சதுரம், நாலு மூலை. நடுவில் ‘காலி நிலம், பயன்பாட்டில் இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதியவன் அவன். ஒரு பக்கக் கோட்டை ஒட்டி ‘சுவர், வழி இல்லை’ என்றும் எழுதியிருந்தான். அளந்தவர்கள் கொண்டுவந்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது. பொய்யும் இல்லை. யாருடைய சுவர் என்று அவன் பார்க்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு அடுத்த தாளை எடுத்திருந்தான். அப்படிக் குறித்த நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் மனையாக எழுதிக் கொடுத்துவிடலாம்.

மும்புவா கல்லின் மேல் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். அம்மா சுவருக்கு அப்பால் இருந்த வெற்றிடத்தில் பென்சிலை வைத்தாள்.

“இந்தக் கல்லையும் போடணுமாப்பா?”

“போடு.”

“நம்பரோடயா?”

“நம்பரோட.”

ஃபெலிக்ஸ் அம்மா குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மஞ்சள் ஒட்டவில்லை. நிமிர்ந்தாள். குரலில் கோபம் எதுவும் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

“மும்புவா அப்பா, பிள்ளை உன் கல்லுங்குதே. அப்படின்னா என்ன?”

சாவி இன்னும் அவன் கையில் இருந்தது. எண்ணெயில் வழுக்கியது. வயூவா, வெறுங்காலோடு, புல்லுக்கு நடுவில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.